பாண்டியிலிருந்து பாரிஸ்: சென்னை வழியா, பெங்களூரு வழியா?

எங்கள் ஊரில் பாரிஸில் சொந்தக்காரர் இல்லாத தெருவே குறைவு. அதனால் இந்தக் கேள்வி அடிக்கடி வரும்.

பெங்களூருவிலிருந்து பாரிஸுக்கு நேர் விமானம் உண்டு. வானில் சுமார் 7,800 கி.மீ., பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஆனால் விமான நிலையம் தேவனஹள்ளியில், ஊருக்கு அந்தப் பக்கம். பாண்டியிலிருந்து காரில் ஏழெட்டு மணி நேரம் ஆகிவிடும்.

சென்னை விமான நிலையம் மூன்று மணி நேரம்தான். அங்கிருந்து துபாய் வழியாகப் போனால் சுற்று என்று நினைப்போம். உண்மையில் நேர்க்கோட்டில் 8,020 கி.மீ., துபாய் வழியே 8,170. வித்தியாசம் வெறும் 150 கி.மீ.! துபாய் கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது. நேரம் போவது காத்திருப்பில்தான்: நான்கு மணி நேரம், ஏழரை மணி நேரம் என இரண்டு விமானம், நடுவில் மூன்று மணி நேரம் காத்திருப்பு.

கூட்டிப் பார்த்தால் இரண்டுமே 18 மணி நேரத்தை ஒட்டித்தான் வருகிறது. சரி, எது நல்லது? அம்மாவை அழைத்துப் போகும்போது நான் சென்னையைத்தான் எடுப்பேன். ராத்திரி முழுக்கக் காரில் உட்கார்ந்தால் அவருக்குக் கால் வீங்கிவிடும். துபாயில் இறங்கிக் கொஞ்சம் நடக்கலாம். கைக்குழந்தையோடு என்றால் பெங்களூரு. தூங்கும் பிள்ளையை நடுவில் எழுப்ப வேண்டாம்.