வில்லாபுரத்துக்காரன் வில் வாங்கி ஏமாந்த கதை

மதுரைப் பக்கம் யாராவது டேக்டவுன் ரீகர்வ் வில் செய்யச் சொல்லி அட்வான்ஸ் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், பணத்தை அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 28,500 ரூபாய் போட்டு நான் வாங்கிய வில் இப்போது பரண்மேல் கிடக்கிறது. கைப்பிடிக்கு மேலே என் மகள் பெயரை அழகாகச் சுட்டுப் பொறித்திருக்கிறார்கள். அந்தப் பெயரைக் காட்டித்தான் பணத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறார் விற்றவர்.

வீடு வில்லாபுரத்தில். ஆமாம், ஊர்ப் பெயரிலேயே வில் இருக்கிறது, நீ போய் வில்லில் ஏமாந்தாயா என்று நண்பர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். நீங்கள் புதிதாகக் கேட்க வேண்டாம்.

அழகர்கோவில் ரோட்டில் ஒரு மாந்தோப்பில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேர் சேர்ந்து வில் பழகுகிறோம். குறிபார்க்க உதவும் சைட் கிடையாது, வில் ஆடாமல் இருக்க மாட்டும் ஸ்டெபிலைசர் கிடையாது. மரவில், அம்பு, கண், அவ்வளவுதான். மாஸ்டரின் பழைய 25 பவுண்டு (நாணை இழுக்கத் தேவைப்படும் விசை) பயிற்சி வில்லில் ஒரு வருஷம் பழகிய பிறகு, சொந்தமாக ஒன்று வேண்டும் என்ற ஆசை வந்தது. ரீகர்வ் என்றால் நுனிகள் முன்பக்கம் வளைந்த வில். டேக்டவுன் வில் என்றால் மூன்று துண்டு. நடுவில் கைப்பிடி உள்ள கட்டை, அதுதான் ரைசர். மேலும் கீழும் வளைகிற இரண்டு லிம்ப். போல்ட்டைக் கழற்றினால் ஒரு பைக்குள் அடங்கிவிடும், வண்டியில் மாட்டிக்கொண்டு போகலாம். இன்னொரு வசதியும் உண்டு. முதலில் 35 பவுண்டில் ஆரம்பித்துவிட்டு, தோள் பழகிய பிறகு லிம்பை மட்டும் மாற்றி 40-க்குப் போகலாம்.

மேலூர் ரோட்டுப் பக்கம் ஷெட் போட்டு ஒரு தம்பி செய்து தருகிறார் என்று ஒரு வீடியோ கண்ணில் பட்டது. பளபளவென்று கருஞ்சிவப்பில் ரைசர், பின்னணியில் பறை முழக்கம். நேரில் போனேன். நன்றாகப் பேசினார். வளரி வீசிய மண்ணில் பிறந்துவிட்டு வெளிநாட்டு வில் வாங்கலாமா என்று கேட்டார். சரியாகத்தானே கேட்கிறார் என்று தோன்றியது. "அண்ணே, இது தோதகத்தி. உங்க பேரன் காலம் வரைக்கும் நிக்கும்" என்று ஒரு கட்டையைக் கையில் கொடுத்தார். தோதகத்தி என்றால் ரோஸ்வுட். நல்ல கனம். அது தோதகத்திதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் என் வில்லுக்குள் போனது அந்தக் கட்டை இல்லை.

60 அங்குல வில், 35 பவுண்டு, வலதுகைக்காரருக்கு. இவ்வளவுதான் குறித்துக்கொண்டார். கடைசியில், "பேர் பொறிக்கிறது நம்ம அன்பளிப்பு. யார் பேர் போடலாம்ணே?" என்றார். மகள் பெயரைச் சொன்னேன். அந்த இடத்திலேயே 15,000 அனுப்பிவிட்டேன்.

அவர் கேட்காமல் விட்டதைக் கவனியுங்கள். நான் நாணை எவ்வளவு தூரம் இழுப்பேன் என்று கேட்கவே இல்லை. ஒரு வில் 35 பவுண்டு என்றால், 28 அங்குலம் இழுக்கும்போது 35 பவுண்டு என்று அர்த்தம். ஒவ்வொரு அங்குலம் கூடும்போதும் குறையும்போதும் ஏறக்குறைய 2 முதல் 3 பவுண்டு மாறும். இரண்டு கையையும் அகல விரித்து, நடுவிரல் நுனியிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து, 2.5-ஆல் வகுத்தால் உங்கள் இழுப்பு நீளம் தோராயமாக வரும். எனக்கு 68 அங்குலம், அதாவது 27 சொச்சம். ஆளுக்கு அளவெடுத்து வில் செய்கிறவர் முதலில் கேட்க வேண்டியதே இதைத்தான். டெய்லர் சட்டைக்கு அளவெடுக்காமல் துணியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால் சும்மா விடுவோமா?

ஆறு வாரம் என்றார். பிறகு ஃபைபர்கிளாஸ் ஷீட் சென்னையில் மாட்டிக்கொண்டது. பிறகு பசை காய வைக்கும் பெட்டியில் ஹீட்டர் போய்விட்டது. பிறகு, "அழகர் ஆத்துல இறங்கட்டும்ணே, மறுநாளே கையில தர்றேன்". அழகர் இறங்கினார், மலைக்கும் திரும்பினார், அழகர்கோவில் ஆடித் தேரும் ஓடி முடிந்தது. அதற்கப்புறம்தான் போன் வந்தது.

ஷெட்டுக்கு வருகிறேன் என்றேன். வேண்டாம், டவுனுக்குத்தான் வருகிறேன் என்று மாட்டுத்தாவணி பக்கம் ஒரு டீக்கடைக்கு வரச் சொன்னார். ராத்திரி ஏழரை மணி. டியூப்லைட் வெளிச்சத்தில் வில்லைப் பிரித்துக் காட்டினார், காலுக்கு நடுவில் விட்டு வளைத்து நாணை ஏற்றினார், மகள் பெயரைத் தடவிக் காட்டினார். பார்த்ததும் எனக்குக் குளிர்ந்துவிட்டது. மீதி 13,500-ஐ டீ ஆறுவதற்குள் அனுப்பினேன். பில்? "நமக்குள்ள என்னண்ணே பில்லு!" லிம்பில் வெள்ளி மையால் '35 பவுண்டு, 60 அங்குலம்' என்று கையால் எழுதியிருந்தது. அது போதும் என்று இருந்துவிட்டேன்.

முதல் ஞாயிறு. நாலாவது அம்பிலேயே இடது கை நடுங்க ஆரம்பித்தது. புது வில், கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 35 பவுண்டுக்குப் பொருத்தமாக 600 ஸ்பைன் கார்பன் அம்பு ஆறு வாங்கியிருந்தேன். ஆறும் வாலை ஆட்டிக்கொண்டு குறிக்கு வலப்பக்கமே போயின. ஸ்பைன் எண் கூடக்கூட அம்புத்தண்டு நெகிழ்வு. வில்லின் விசைக்கு மிஞ்சி நெகிழ்ந்த அம்பை வலதுகைக்காரர் விட்டால் அது வலப்பக்கம் ஒதுங்கும். மாஸ்டர் இதைப் பார்த்துவிட்டுத்தான் வில்லைக் கையில் வாங்கினார். பாதி இழுத்து, அப்படியே தளர்த்திவிட்டு, "இது முப்பத்தஞ்சு இல்லையே தம்பி" என்றார்.

அடுத்த வாரம் அவர் ஒரு தராசு கொண்டுவந்தார். பெட்டியைக் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்ப்போமே, அந்த டிஜிட்டல் தராசு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு அம்பில் 27 அங்குலத்தில் பேனாவால் கோடு போட்டார். நாணின் நடுவில் தராசுக் கொக்கியை மாட்டி, நான் வில்லைப் பிடித்துக்கொள்ள, அந்தக் கோடு வரும்வரை அவர் மெதுவாக இழுத்தார். 19.9. இன்னொரு முறை, 20.1. மூன்றாவது முறை சரியாக 20 கிலோ. 35 பவுண்டு என்பது 16 கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. 20 கிலோ என்றால் 44 பவுண்டு. அதுவும் 28-இல் இல்லை, என்னுடைய 27-இல். 25 பவுண்டில் பழகியவன் கையில் 44-ஐக் கொடுத்தால் தோள் என்ன ஆகும்? இரண்டு வாரம் சட்டையைக் கழற்றவே என் மனைவி கை கொடுக்க வேண்டியிருந்தது.

பிறகு மாஸ்டர் நாண் ஏற்றிய வில்லை எதிரே நீட்டிப் பிடித்து, மேல் நுனியிலிருந்து ஒரு கண்ணால் நாண் வழியாகக் கீழே பார்க்கச் சொன்னார். நாண் இரண்டு லிம்பையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டு இறங்க வேண்டும். என்னுடையதில் மேல் லிம்பில் நடுவில் இருந்த நாண், கீழ் லிம்பில் ஓரத்துக்கு நழுவியிருந்தது. லிம்ப் முறுக்கிக்கொண்டிருக்கிறது. டீக்கடையில் இந்த ஒரு பார்வை பார்க்க பத்து நொடி போதும். நான் பார்த்ததெல்லாம் மகள் பெயரைத்தான்.

மூன்றாவது ஞாயிறு, 'ட்டிக்' என்று ஒரு சத்தம். சுள்ளி ஒடிவது போலத்தான், சின்னச் சத்தம். மேல் நுனியில் நாண் உட்காரும் பள்ளத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல். அவர் கட்டிக் கொடுத்த நாண் ஃபாஸ்ட் ஃப்ளைட் வகை. அது இழுபடாது. அம்பு கிளம்பியதும் வருகிற அடி முழுவதையும் நுனியிலேயே இறக்கும். நுனியைப் பலப்படுத்திய வில்லுக்குத்தான் அது லாயக்கு. பலப்படுத்தாத நுனிக்கு, கொஞ்சம் இழுபட்டு அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் டாக்ரான் நாண்தான் போட வேண்டும். இதுகூடத் தெரியாமல் ஒருவர் வில் செய்ய முடியுமா என்ற சந்தேகம் அப்போதுதான் எனக்கு வந்தது.

செய்யவில்லை என்பதுதான் பதில். லிம்பில் அந்த வெள்ளி எழுத்துக்குக் கீழே பெயிண்ட் கொஞ்சம் தடிப்பாக இருந்தது. துணியில் தின்னர் நனைத்துத் துடைத்தேன். கருப்பு கரைந்து, அடியிலிருந்து அச்சடித்த எழுத்து மங்கலாக மேலே வந்தது: 62 அங்குலம், 45 பவுண்டு. எங்கோ ஒரு ஃபேக்டரியில் செய்த ரெடிமேட் வில்லின் லிம்ப். அதற்குரிய ரைசரைவிட இரண்டு அங்குலம் குட்டையான ரைசரில் மாட்டியதால் 60 அங்குல வில் ஆகிவிட்டது. அதே லிம்பைக் குட்டை ரைசரில் மாட்டினால் இழுப்பு எடை ஏறும். 27 அங்குலத்தில் 44 எப்படி வந்தது என்ற கணக்கும் அங்கேயே தீர்ந்தது. லிம்பின் அடிப்பக்கம் இருந்த பழைய துளையை அடைத்துவிட்டு, பக்கத்தில் புதுத் துளை போட்டிருந்தார்கள்.

மிச்சமிருந்தது ரைசர். தெருக்கோடியில் இருக்கும் ஆசாரி அண்ணனிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கியதுமே சிரித்தார். ஒன்றும் சொல்லவில்லை. போல்ட்டைக் கழற்றி, துளைக்குள் சின்ன உளியை விட்டு லேசாகச் சுரண்டினார். உள்ளங்கையில் தட்டிக் காட்டினார். தூள் வெளுப்பாக விழுந்தது. "தோதகத்தின்னா உள்ள வரைக்கும் கருப்பாத்தான்யா இருக்கும். இது ஏதோ வெள்ளை மரம். சாயம் ஏத்தி மேல பாலிஷ் அடிச்சிருக்கான். வேலை சுத்தம், அதைச் சொல்லணும்" என்றார். அந்தக் கடைசி வாக்கியம்தான் வலித்தது.

போன் போட்டேன். முதலில், நீங்கள் ஸ்ட்ரிங்கர் (நாண் ஏற்ற உதவும் கயிறு) போடாமல் நாண் ஏற்றியிருப்பீர்கள், அதனால்தான் முறுக்கியது என்றார். டீக்கடையில் காலுக்குள் விட்டு ஏற்றிக் காட்டியவர் அவர்தான். அப்புறம், வெயிலில் காருக்குள் வைத்திருப்பீர்கள் என்றார். இதில் நியாயம் உண்டு. மூடிய காரில் நம் ஊர் வெயிலுக்கு ஒட்டிய பசையே இளகிவிடும். யாரும் அப்படி வைக்காதீர்கள். ஆனால் என்னிடம் காரே இல்லை. தின்னரில் துடைத்த லிம்பின் படத்தை அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "பேர் பொறிச்ச பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்ணே. உங்க பொண்ணு பேர் போட்ட வில்லை வேற யாருக்கு நான் விக்கிறது?"

அன்பளிப்பு எதற்கு என்று அப்போது புரிந்தது.

பில் இல்லாததால் தவித்துப் போனேன். ஆனால் யுபிஐ-யில் பணம் போன விவரம் இருக்கிறது, '35 பவுண்டு, தோதகத்தி, எல்லாம் நம்ம கைவேலை' என்று அவர் வாயாலேயே சொன்ன வாய்ஸ் மெசேஜ் இருக்கிறது. நல்லவேளை, எதையும் அழிக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, 2 வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமலும் போடலாம் என்பதால் மனுவை நானே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வில் செய்யக் கொடுப்பது தப்பே இல்லை. ஒழுங்காகச் செய்கிறவர் கையில் கிடைத்தால் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் வில்லைப் பகலில் வாங்குங்கள், அவர் வேலை செய்யும் இடத்திலேயே வாங்குங்கள். உங்கள் இழுப்பு நீளத்தில் தராசில் மாட்டிக் காட்டாமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். தராசு இல்லை என்றால் உங்களுடையதைக் கொண்டுபோங்கள். நாண் வழியாக ஒரு பார்வை பாருங்கள். லிம்பின் ஓரத்தை வெயிலில் சாய்த்து, அடுக்குகளுக்கு நடுவே வெடிப்போ இடைவெளியோ தெரிகிறதா என்று பாருங்கள். எந்த நாண் போடலாம் என்பதை எழுதி வாங்குங்கள். இன்னொன்று, இது எனக்கு லேட்டாகத்தான் உறைத்தது: அவரவர் போல்ட் போட்டு மாட்டும் லிம்ப் அவரவர் ரைசருக்குத்தான் பொருந்தும். செய்தவர் கடையை மூடினால் உங்கள் ரைசர் வெறும் கட்டை. ஐஎல்எஃப் என்ற பொதுப் பொருத்தம் உள்ள ரைசர் என்றால் வேறு கம்பெனி லிம்பையும் மாட்டிக்கொள்ளலாம். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருக்காது, பரவாயில்லை.

பெயர் பொறிப்பதா? நூறு அம்பு விட்ட பிறகு பொறித்துக்கொள்ளலாம்.

போன வாரம் அந்தத் தம்பியின் புது வீடியோ வந்தது. அதே கருஞ்சிவப்பு, அதே பறை, ரைசரில் வேறு யாரோ ஒரு குழந்தையின் பெயர். "லிம்பைக் கொஞ்சம் தராசில் போட்டுக் காட்டுங்க தம்பி" என்று கீழே எழுதினேன். பத்து நிமிஷத்தில் என்னை பிளாக் செய்துவிட்டார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.