கும்மாளச் சண்டையும் கனமான படமும்: களத்துமேட்டில் இரண்டு பொங்கல்

எங்கள் ஊர் பாபநாசத்துக்கும் மெலட்டூருக்கும் நடுவில் இருக்கிறது. கல்யாணம், சடங்கு, காதுகுத்து என்று விசேஷங்களுக்குப் புரொஜெக்டரும் திரையும் வாடகைக்கு விடுவது என் தொழில். காணும் பொங்கல் ராத்திரி மட்டும் வாடகை கிடையாது. களத்துமேட்டில் இரண்டு தென்னைக்கு நடுவே திரையைக் கட்டித் தெருப்பிள்ளைகளுக்காக ஒரு படம் போடுவேன். நான் உட்காருவது திரையை ஒட்டி, ஸ்பீக்கர் பக்கத்தில். அங்கிருந்து பார்த்தால் படம் கோணலாகத்தான் தெரியும், ஆனால் பார்க்கிறவர்கள் முகம் நேராகத் தெரியும். இங்கே எழுதுவதெல்லாம் அந்த இடத்திலிருந்து பார்த்தது.

அடுத்தடுத்த இரண்டு பொங்கலுக்கு நான் போட்டவை ஒரே வருஷம் வந்த இரண்டு படங்கள். ஒன்று 2016 மார்ச்சில் வந்த 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்', இன்னொன்று அதே வருஷம் மே மாதம் வந்த 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்'. இரண்டிலும் நல்லவனும் நல்லவனும்தான் மோதுகிறார்கள். சூப்பர்ஹீரோக்கள் ஊரைக் காப்பாற்றுகிறேன் என்று இறங்கும்போது செத்துப்போகிற சாதாரண ஜனங்களுக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வியில்தான் இரண்டும் தொடங்குகின்றன. ஒன்று ஆரம்பத்திலிருந்து கடைசிவரை இறுக்கத்தைத் தளர்த்தவே இல்லை. மற்றது நட்டநடுவில் ஒரு கும்மாளச் சண்டையை வைத்திருக்கிறது. கனமான படத்தில் அதற்கு இடம் உண்டா என்பதுதான் இரண்டு வருஷமாக எங்கள் தெருத் திண்ணையில் நடக்கிற வாதம். உண்டு என்பது என் கட்சி. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

கிராபிக்ஸ், செலவு, நட்சத்திரங்கள் என்று பார்த்தால் இரண்டும் சமம். நீளத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை, தியேட்டரில் வந்த கணக்குப்படி 151 நிமிஷம், 147 நிமிஷம். இதையெல்லாம் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

முதலில் பேட்மேன் படத்துக்குச் சேர வேண்டிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். அதன் தொடக்கத்துக்கு நிகராக மற்றதில் எதுவுமில்லை. மேலே சூப்பர்மேன் யாரோடோ மோதிக்கொண்டிருக்கிறான், கீழே கட்டடங்கள் சரிகின்றன. பேட்மேனாக வேஷம் போடுகிற புரூஸ் வெய்ன் அந்தப் புழுதிக்குள் ஓடுகிறான். இடிபாட்டில் தனியாக நிற்கிற ஒரு சின்னப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு, அம்மா எங்கே என்று கேட்கிறான். அவள் இடிந்துபோன கட்டடத்தை நோக்கிக் கையை நீட்டுகிறாள். அந்த இடத்தில் களத்துமேட்டில் ஒரு சத்தம் இல்லை. கரும்பு கடித்துக்கொண்டிருந்த பையன்கள்கூட வாயில் வைத்ததை மெல்லாமல் இருந்தார்கள். சூப்பர்ஹீரோ சண்டையைத் தரையில் நிற்கிறவன் கண்ணால் காட்டுவது இதுதான் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு மணி நேரம் போயிற்று. அதே இருட்டு, அதே இடிமாதிரி இசை, அதே கடுகடுத்த முகங்கள். பெரியவர்கள் போனை எடுக்க ஆரம்பித்தார்கள். சின்னப் பிள்ளைகள் போர்வைக்குள் போய்விட்டார்கள். படத்தில் நடப்பது என்னவோ இன்னும் பயங்கரமாகத்தான் ஆகிக்கொண்டிருந்தது, அரசாங்கக் கட்டடமே வெடிக்கிறது. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது உறைக்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே கனத்தை உச்சத்தில் வைத்துவிட்டதால் மேலே ஏற இடமில்லை. நாள் முழுக்க மூட்டை சுமக்கிற தோளுக்குக் கடைசி மூட்டையின் எடை தனியாகத் தெரியாது.

ஒரே ஒரு இடத்தில் தலைகள் நிமிர்ந்தன. கடைசிச் சண்டையில் ஒரு ராட்சதன் வொண்டர் உமனைத் தூக்கி வீசுகிறான். அவள் எழுந்திருக்கும்போது லேசாகச் சிரிக்கிறாள், ஒரு நொடி இருக்கும். இந்தச் சண்டை அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று அந்தச் சிரிப்பில் தெரிகிறது. எங்கள் பையன்கள் விசில் அடித்தது அன்றைக்கு அந்த ஒரு தடவைதான். இரண்டரை மணி நேரப் படத்தில் ஒரு நொடிச் சிரிப்புக்கு இவ்வளவு பசியோடு ஜனங்கள் காத்திருந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்த பொங்கலுக்கு 'சிவில் வார்' போட்டது அதனால்தான்.

ஜெர்மனியில் ஒரு விமான நிலையம். கேப்டன் அமெரிக்கா பக்கம் ஆறு பேர், அயர்ன் மேன் டோனி பக்கம் ஆறு பேர். எல்லோரும் எதிரும் புதிருமாக ஓடிவந்து மோதுகிறார்கள். ஆன்ட் மேன் ஒரு குட்டி லாரியைக் கொடுக்க, அது பெரிசாகிப் போய் வெடிக்கிறது. தண்ணீர் லாரி என்று நினைத்தேன் என்கிறான் அவன். பிறகு அவனே கட்டட உயரத்துக்கு வளர்கிறான். களத்தில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். துண்டு பறக்கிறது. சண்டைக்கு நடுவே பழைய சிநேகிதர்கள் இரண்டு பேர், நாம் இன்னும் சிநேகிதம்தானே என்று கேட்டுக்கொண்டே அடித்துக்கொள்கிறார்கள். எங்கள் தெருவிலும் பங்காளிச் சண்டை அப்படித்தான் நடக்கும், அதனால் பெரியவர்களும் சிரித்தார்கள்.

கும்மாளம் அந்த உச்சியில் இருக்கும்போதே டோனியின் சிநேகிதன் ரோட்ஸ் விழுகிறான். எதிரி அடித்து விழவில்லை. சொந்தக் கட்சிக்காரன் வேறொருவனைக் குறிவைத்து விட்ட கதிர், அவன் விலகிக்கொண்டதால் இவன் நெஞ்சில் பட்டு, கவசம் அணைந்து, வானத்திலிருந்து கல் மாதிரி விழுகிறான். எழுந்து நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். உட்காரச் சொல்லி யாரும் சத்தம் போடவில்லை. முன்வரிசையில் இருந்த ஏழு வயசுப் பெண் என் பக்கம் திரும்பி, "அண்ணே, அந்த மாமா நடப்பாரா?" என்றாள். "பாரு பாப்பா" என்று மட்டும் சொன்னேன்.

என் நிபந்தனை இதுதான். கும்மாளத்துக்குப் படம் கணக்குத் தீர்க்கிறதா? சிரித்த சிரிப்புக்கு யாராவது விலை கொடுக்கிறார்களா, அந்த விலையைப் படம் கடைசிவரை மறக்காமல் வைத்திருக்கிறதா? இதைத் தவிர மற்ற எதுவும் எனக்கு இரண்டாம்பட்சம். ஏனென்றால் கும்மாளம் தன்னளவில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அதை எங்கே கொண்டுபோய் விடுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

'சிவில் வார்' இரண்டு விதமாகக் கணக்குத் தீர்க்கிறது. ஒன்று ரோட்ஸின் கால்கள். முதுகெலும்பு அடிபட்டு நடக்க முடியாமல் போகிறது. கடைசியில் கால்களில் கட்டிய கருவியோடு நடக்கப் பழகுகிறான், விழுகிறான், டோனி தூக்கிவிடுகிறான். அந்த நேரம் பார்த்துப் பார்சல் கொண்டுவருகிறவர் டோனியின் பெயரைத் தப்பாகச் சொல்லிக் கூப்பிட, ரோட்ஸ் வாய்விட்டுச் சிரிக்கிறான். காயம்பட்டவனே சிரிக்கிறான். அந்தச் சிரிப்பை யாரும் அவன் தலையில் கட்டவில்லை. முன்வரிசைப் பாப்பாவுக்குப் பதில் கிடைத்தது அங்கேதான்.

இன்னொன்று கேடயம். இதை இரண்டாம் தடவை பார்த்தபோதுதான் கவனித்தேன். விமான நிலையத்தில் ஸ்பைடர்மேன் முதன்முதலாக வரும்போதே கேப்டனின் கேடயத்தை வலைவீசிப் பிடுங்கிக்கொள்கிறான். திருவிழாக் கூட்டத்தில் பெரிய மாமாவின் துண்டைச் சின்னப் பையன் உருவிக்கொண்டு ஓடுகிற மாதிரி, எல்லோருக்கும் சிரிப்பு. அங்கே கேடயம் ஒரு விளையாட்டுச் சாமான். அப்புறம் சைபீரியா. 1991 டிசம்பர் 16 அன்று தன் அப்பா, அம்மாவைக் கொன்றது யார் என்று டோனி வீடியோவில் பார்க்கிறான். பக்கத்தில் நிற்கிற கேப்டனிடம் உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று கேட்கிறான். தெரியும் என்கிறான் கேப்டன். அதற்குப் பிறகு நடக்கிற அடிதடியில் அதே கேடயம் டோனியின் நெஞ்சில் இருக்கிற விளக்கின் மேல் இறங்குகிறது. அது உனக்குச் சொந்தம் இல்லை, என் அப்பா செய்தது என்று டோனி கத்த, கேப்டன் அதைக் கீழே போட்டுவிட்டு நடக்கிறான். முன்னால் அதை விளையாட்டாகப் பார்த்திராவிட்டால் கேடயம் தரையில் விழுகிற சத்தம் நமக்கு வெறும் இரும்புச் சத்தமாகத்தான் கேட்டிருக்கும். விமான நிலையத்தில் பெரும்பாலோர் கையை அடக்கித்தான் அடித்தார்கள், அதனால்தான் அது கும்மாளமாக இருந்தது. சைபீரியாவில் யாரும் அடக்கவில்லை. முதலாவதைப் பார்த்தவனுக்குத்தான் இரண்டாவதில் என்ன போய்விட்டது என்பது தெரியும்.

எதிர்க்கட்சியில் கெட்டிக்காரர் என் பெரியப்பா. மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கிற பாகவத மேளா நாட்டிய நாடகத்துக்குச் சின்ன வயசிலிருந்து போகிறவர். அங்கே நாடகத்துக்கு முன்னால் கோணங்கி வருவார், குல்லாயும் குதியாட்டமுமாக. அவர் ஆடி முடித்துப் போன பிறகுதான் பிள்ளையார் வேஷம், பிறகு கதை, பின்ராத்திரியில் நரசிம்மர். பெரியப்பா சொன்னார்: "கோணங்கிக்குன்னு ஒரு நேரம் உண்டுடா. தூண் பிளக்கிற நேரத்துல அவனுக்கு அங்க என்ன வேலை?"

இதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. யோசித்தபோது அவர் சொன்னது என் கட்சிக்கே பலமாகத் தெரிந்தது. சைபீரியாவில் அந்த வீடியோ ஓடிய பிறகு ஒரு வார்த்தை வேடிக்கை கிடையாது. அதற்குள் கோணங்கி போயாகிவிட்டது. தூண் பிளக்கும்போது யாராவது வசனத்தில் கிண்டலடித்திருந்தால் நானும் பெரியப்பா பக்கம்தான் நின்றிருப்பேன். நோயில் சாகிற ஒரு பெண்ணின் கதையையும் கத்திக்கொண்டே படகை இழுக்கிற ஆடுகளையும் ஒன்றாகக் கட்டிய 2022-இன் 'தோர்: லவ் அண்ட் தண்டர்' எனக்குப் பிடிக்காமல் போனது அதனால்தான். அழப்போகிற நேரத்தில் ஆடு கத்துகிறது.

என் கட்சியிலும் ஓட்டை இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. 'சிவில் வார்' கேட்ட கேள்வியே பொதுமக்கள் சாவைப் பற்றியது. சூப்பர்ஹீரோக்களைக் கட்டுப்படுத்த 117 நாடுகள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை முன்வைத்துத்தான் சண்டையே தொடங்குகிறது. ஆனால் கும்மாளத்துக்காக விமான நிலையத்தைக் காலி செய்துவிடுகிறார்கள். ஆளில்லாத இடத்தில் விமானங்கள் நொறுங்கினால் யாருக்கு வலிக்கும்? வீட்டுப்பாடம் இருக்கிறது என்று தயங்குகிற பள்ளிக்கூடப் பையன் ஸ்பைடர்மேனை டோனி சண்டைக்குக் கூட்டிவந்தது சரியா என்பதும் சிரிப்பில் கரைந்துபோகிறது. பேட்மேன் படமும் கடைசியில் ஆளில்லாத தீவு, கைவிட்ட துறைமுகம் என்று தப்பித்துக்கொள்கிறது என்றாலும், புழுதியில் நிற்கிற அந்தப் பெண்ணை அது ஒருதரமாவது முகத்துக்கு நேரே காட்டியது. தரையில் நிற்கிறவனின் பார்வை என்று வந்தால் அது ஒரு படி மேல்தான்.

கும்மாளமே இல்லாமல் கனமாக மட்டும் எடுத்து ஜெயிக்க முடியாதா என்று கேட்டால், முடியும். 2017-இல் வந்த 'லோகன்' இருக்கிறது. ஆனால் அதிலும் வழியில் லோகன் கூட்டம் உதவி செய்த ஒரு குடும்பத்தின் வீட்டில் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுச் சிரிக்கிற காட்சி வருகிறது. அன்று ராத்திரியே அந்த வீடு ரத்தமாகிறது. சண்டையில் வைக்க வேண்டிய வெளிச்சத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்திருக்கிறார்கள். அந்த வழி ஒருவேளை இதைவிட மேலானதாகவும் இருக்கலாம். தனியாக வீட்டில் பார்த்தது என்பதால் உறுதியாகச் சொல்ல மாட்டேன், அது சின்னப் பிள்ளைகளுக்குப் போடக்கூடிய படமும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் இரண்டு படத்தையும் தமிழ் டப்பிங்கில்தான் பார்த்தேன், போட்டதும் அதுதான். விமான நிலையத்தில் களம் சிரித்ததில் பாதி டப்பிங் எழுதியவரின் கெட்டிக்காரத்தனமாக இருக்கலாம். காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்குப் பேட்மேனின் கடுகடுப்பு வேறு மாதிரி தோன்றலாம். எங்கள் தெருவில் அப்படி யாரும் இல்லை.

படம் முடிந்து திரையைக் கழற்றும்போது அது பனியில் நனைந்து கனத்துப்போயிருந்தது. பையன்கள் மடிக்கக் கைகொடுத்தார்கள். "அண்ணே, அடுத்த வருஷமும் இதையே போடுங்க" என்றான் ஒருவன். பேட்மேன் படத்தை மறுபடி யாரும் கேட்கவில்லை, ஆனால் அந்தப் புழுதிக் காட்சியை இன்றைக்கும் சொல்கிறார்கள்.

வருகிற பொங்கலுக்கு 'மின்னல் முரளி' என்கிற மலையாளப் படம் போடலாம் என்று இருக்கிறேன். ஒரே ராத்திரியில் மின்னல் தாக்கி இரண்டு பேருக்குச் சக்தி வருகிறது. ஒருவன் சக்தியை வைத்து விளையாடுகிறான், இன்னொருவன் நெடுநாள் காதலையும் அவமானத்தையும் சுமக்கிறான். அந்த இரண்டாமவனாக நடித்தவர் நம்ம குரு சோமசுந்தரம். கும்மாளமும் கனமும் அதில் ஒருவனுக்கு ஒன்றாகப் பிரிந்து கிடக்கின்றன. பெரியப்பாவை ஸ்பீக்கர் பக்கத்தில் என்னோடு உட்காரச் சொல்லியிருக்கிறேன்.