எம்எல்பி.டிவி: தோற்ற ஆட்டத்தை மறுபடி பார்க்க

2024 உலகத் தொடரை (அமெரிக்க பேஸ்பால் இறுதிப் போட்டி) டாட்ஜர்ஸ் அணியிடம் நியூயார்க் யாங்கீஸ் எங்கே கோட்டைவிட்டது என்று அலச, பேஸ்பால் லீக்கின் இணைய ஒளிபரப்புச் சேவையான எம்எல்பி.டிவியின் முழுப் பதிவுதான் சரி. சுருக்கப் பதிப்பு வேண்டாம். பந்து வீசும்முன் ஃபீல்டர்கள் நிற்கும் இடம் அதில் வெட்டுப்பட்டுவிடும்.

ஐந்தாம் ஆட்டம், ஐந்தாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் 5-0 முன்னிலை. யாங்கீஸ் ஃபீல்டர் ஆரோன் ஜட்ஜ் கைக்கு வந்த கேட்சை நழுவவிட்டார், இன்னொரு ஃபீல்டர் வோல்பியின் எறி தவறியது. மூன்று பேஸ்களிலும் எதிரணி ஓட்டக்காரர்கள் நின்றும், யாங்கீஸ் பந்துவீச்சாளர் கெரிட் கோல், டாட்ஜர்ஸின் லக்ஸையும் ஓதானியையும் ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) செய்தார். அடுத்து டாட்ஜர்ஸின் பெட்ஸ் தரையோடு தட்டிய பந்தை யாங்கீஸின் முதல் பேஸ் ஃபீல்டர் ரிசோ பிடித்தபோது முதல் பேஸில் ஆளில்லை. அங்கே போய் நிற்க வேண்டிய கோல், ஓடாமல் கையை நீட்டிக் காட்டுகிறார். அங்கே நிறுத்திப் பாருங்கள், நெஞ்சு பதறும். முடிவு 7-6, டாட்ஜர்ஸ் வெற்றி.

யாங்கீஸ் பேட்டிங் வரிசையைக் குறைசொல்ல முடியாது: ஜட்ஜ், சிஷோம், ஸ்டான்டன் மூவரும் ஹோம்ரன் (பேஸ்பாலின் சிக்ஸர் மாதிரி).

2024-இல் சேவையின் பெரிய குறை, அமெரிக்காவில் பிளேஆஃப் (லீக் சுற்றுக்குப் பிந்தைய நாக்அவுட்) நேரலைக்குக் கேபிள் கணக்கும் கேட்டது.