ஒரே வாக்காளர், இரண்டு தேர்தல்: ரைஷ்ஸ்டாக்கும் பிரஷ்யச் சட்டமன்றமும்

ஜெர்மன் பேரரசுக் காலத்தில் (1871–1918) பெர்லினில் வாழ்ந்த ஒரு தொழிலாளிக்கு இரண்டு வாக்குரிமைகள் இருந்தன. பேரரசின் நாடாளுமன்றமான ரைஷ்ஸ்டாக்குக்கு 25 வயது நிரம்பிய ஆண்கள் ஏறக்குறைய எல்லோரும் வாக்களிக்கலாம்; ஆளுக்கு ஒரு சமமான வாக்கு, நேரடித் தேர்தல், வாக்குச்சீட்டு. சீட்டை மறைக்க உறையும் தடுப்பும் வந்தது 1903இல்தான்.

பெர்லின் அடங்கிய, பேரரசின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் சட்டமன்றத் தேர்தலோ வேறு உலகம். 1849இல் வந்த மூன்று வகுப்பு முறையில், வரி கட்டுவோரை அதிகம் கட்டுபவரிலிருந்து வரிசைப்படுத்தி, மொத்த வரியை மூன்றாகப் பிரிப்பார்கள். முதல் பங்கைக் கட்டிய சிலர் முதல் வகுப்பு. 1908இல் அவர்கள் வாக்காளர்களில் சுமார் 4%. மூன்றாம் வகுப்பில் 80%க்கும் மேல். ஆனால் ஒவ்வொரு வகுப்பும் தேர்ந்தெடுக்கும் வாக்காளர்குழு உறுப்பினர்களின் எண்ணிக்கை ஒன்றே. அவர்கள்தான் பிறகு சட்டமன்ற உறுப்பினரைத் தேர்வு செய்வார்கள். அதைவிடக் கொடுமை, வாக்கை எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பண்ணையாரின் ஆள் பக்கத்தில் நிற்கும்போது கூலியாள் யார் பெயரைச் சொல்வான்?

விளைவைப் பாருங்கள். 1912இல் தொழிலாளர் கட்சியான சமூக ஜனநாயகக் கட்சி ரைஷ்ஸ்டாக்கின் 397 இடங்களில் 110ஐ வென்றது. மறு ஆண்டே பிரஷ்யாவில் கால் பங்குக்கு மேல் வாக்கு வாங்கியும் 443இல் 10 இடங்கள்தான்.

ரைஷ்ஸ்டாக்கிலும் குறை உண்டு: தொகுதி எல்லைகளை மாற்றாததால் பெருகிய நகரங்களின் வாக்கு மதிப்பிழந்தது. அரசின் தலைவரான சான்சலரை நீக்கும் அதிகாரமும் அதற்கு இல்லை. என்றாலும் நியாயமானது அதுவே. பெண்களுக்கு இரண்டிலும் இடமில்லை, 1918 நவம்பர் வரை.