நாலு கட்டம், ஐந்தாவதுக்கு இடமில்லை: லெட்டர்பாக்ஸ்ட் பற்றி ஒரு திருவொற்றியூர்க்காரன்

பார்த்த சினிமாக்களைக் குறித்து வைக்கிற லெட்டர்பாக்ஸ்ட் செயலியில் கணக்கு தொடங்கினால் உங்கள் பக்கத்தின் மேலே நாலு கட்டம் இருக்கும். உங்களுக்கு ரொம்பப் பிடித்த நாலு படத்தை அதில் வைக்கலாம். நியூசிலாந்துக்காரர்கள் இரண்டு பேர் 2011இல் ஆரம்பித்த தளம் இது. வேறு என்னென்னவோ வசதி இருக்கிறது, ஆனால் எனக்கு அந்த நாலு கட்டம்தான் சரக்கு.

பிடித்த படம் எது என்று கேட்டால் நம்ம ஆட்கள் "எல்லாமே பார்ப்பேன்" என்று நழுவிவிடுவார்கள். நாலுதான் என்று கட்டிப்போட்டால் நழுவ முடியாது. முதலில் பந்தாவுக்கு இரண்டு வெளிநாட்டுப் படம் வைப்பார்கள். கொஞ்ச நாள் கழித்துப் போய்ப் பாருங்கள், அதில் ஒன்று சத்தமில்லாமல் கழன்று, அங்கே பழைய 'தில்லு முல்லு' உட்கார்ந்திருக்கும்.

என் பக்கத்தில் முதல் இடம் 'மெட்ராஸ்' (2014). வியாசர்பாடி ஹவுசிங் போர்டு, அரசியல் தலைவர் படம் வரைந்த ஒரு சுவர், அதற்காக விழும் கொலைகள். கதையை விட, கானா பாலா பாடும் அந்தச் சாவுப் பாட்டுக்காகத்தான் வைத்தேன். இரண்டாவது 'சார்பட்டா பரம்பரை'. 2021இல் நேராக ஓடிடிக்கு வந்துவிட்டது. டான்சிங் ரோஸ் சண்டையை விசில் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு இன்னும் ஆறவில்லை. மூன்றாவது 'காதலிக்க நேரமில்லை'. நாகேஷ் கதை சொல்லச் சொல்ல பாலையா முகம் போகும் போக்குக்கு. நாலாவது மாறிக்கொண்டே இருக்கும், கேட்காதீர்கள்.

அம்மாவுக்கு ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்தேன். காசிமேட்டில் பிறந்தவர், அதனால் 'படகோட்டி' முதலில் போய் உட்கார்ந்தது. "நாலுல எதுக்குடா வேற ஆளு? நாலும் வாத்தியார் படமே போடு" என்றார். போட்டாச்சு. அப்போதுதான் ஒன்று கவனித்தேன்: 'ஆயிரத்தில் ஒருவன்' என்று தேடினால் 1965உம் வரும், 2010உம் வரும். 'விக்ரம்' என்றால் 1986, 2022, இரண்டிலுமே கமல். ஆண்டைப் பார்த்துத் தட்டுங்கள். படங்களின் விவரம் எல்லாம் டிஎம்டிபி என்கிற இன்னொரு தளத்திலிருந்து வருகிறது. அங்கே தன்னார்வலர்கள்தான் ஏற்றுகிறார்கள், ஏதாவது பழைய படம் விட்டுப்போயிருந்தால் நாமே சேர்க்கலாம்.

இதில் பலர் கண்டுகொள்ளாத வசதி டைரி. எந்தத் தேதியில் பார்த்தோம், முதல் தடவையா திரும்பவுமா என்று குறித்து வைக்கலாம். கூடவே டேக் போடலாம். நான் அதில் தியேட்டர் பெயர் போடுகிறேன்: மகாராணி, ஐட்ரீம், அகஸ்தியா. தண்டையார்பேட்டை அகஸ்தியாவை 2020இல் மூடிவிட்டார்கள். இப்போது அந்த டேகைத் தட்டினால் நான் அங்கே பார்த்த படமெல்லாம் போஸ்டரோடு வரிசை கட்டி நிற்கிறது. பழைய தேதிகளுக்கும் பதிவு போடலாம் என்பதால், சின்ன வயதில் பார்த்ததையெல்லாம் தீபாவளி, பொங்கல் கணக்கு வைத்து உத்தேசமாக ஏற்றிவிட்டேன்.

ஸ்டார் கொடுக்கும் வேலையை நான் விட்டுவிட்டேன். அரை ஸ்டாரிலிருந்து ஐந்து வரை இருக்கிறது. ஆனால் மூன்றரைக்கும் நாலுக்கும் நடுவே யோசித்து மண்டை காய்வதை விட, இரண்டு வரி எழுதினால் போதும். தமிழில் தாராளமாக எழுதலாம். காலையில் விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், சென்ட்ரல் வருவதற்குள் ஒரு விமர்சனம் தேறிவிடும். ஒன்று மட்டும்: அங்கே லைக் அள்ளுவது ஒரு வரி ஜோக்குகள்தான். பாராவாக எழுதுகிறவருக்கு நாலு பேர் வாசித்தாலே பெரிய விஷயம். அந்த நாலு பேரை ஃபாலோ செய்யுங்கள், உங்களுக்கான அடுத்த படம் அவர்கள் டைரியில்தான் இருக்கும்.

சினிமாவைத் தவிர வேறெதுக்கும் இங்கே பெரிதாக இடமில்லை. புத்தகத்துக்கு குட்ரீட்ஸ் போக வேண்டும், அங்கே அரை ஸ்டார்கூடக் கிடையாது. பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் பட்டியல் போட்டு அனுப்பலாம்தான். ஆனால் எங்கள் தெருவில் சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடும் கானாவை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? பாடியவர் பெயரே பாதிப் பேருக்குத் தெரியாது. அதெல்லாம் இன்னமும் வாட்ஸ்அப்பில் ஃபோன் ரெக்கார்டிங்காகத்தான் சுற்றுகிறது.

இலவசக் கணக்கே போதும், விளம்பரம் வரும், பரவாயில்லை. வருடக் கடைசியில் எத்தனை படம், எந்த நடிகர் படம் அதிகம் என்று புள்ளிவிவரம் பார்க்கும் பைத்தியம் இருந்தால் மட்டும் ப்ரோ என்கிற காசு கட்டும் கணக்கு வாங்குங்கள். அதற்கும் மேலே பேட்ரன் என்று ஒன்று உண்டு, அதில் போஸ்டரை மாற்றிக்கொள்ளலாம். "போஸ்டர் மாத்த துட்டா?" என்றார் அம்மா. நானும் வாங்கவில்லை.