வெட்டலா, ரிக்கார்டோவா: 2014-ல் என்னதான் நடந்தது?
ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் 2010 முதல் 2013 வரை தொடர்ந்து நான்கு பட்டம் வென்ற ரெட்புல் அணியின் செபாஸ்டியன் வெட்டல், 2014-ல் ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. அதே அணிக்குப் புதிதாக வந்த டேனியல் ரிக்கார்டோவுக்கு மூன்று வெற்றி. புள்ளிகள்: ரிக்கார்டோவுக்கு 238, வெட்டலுக்கு 167.

கார் கோளாறும் வெட்டலைப் படுத்தியது, மறுக்கவில்லை. ஆனால் அது பாதிக் கதைதான். 2013 வரை புகைக்குழாயிலிருந்து வரும் சூடான காற்று காரின் பின்பக்கத்தைத் தரையோடு அழுத்திப் பிடித்தது. அந்தத் தைரியத்தில்தான் அவர் வளைவில் நுழைந்ததும் சட்டென்று திருப்பி, சீக்கிரமே ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார். 2014 விதிகள் அந்தப் பிடிப்பைப் பறித்துவிட்டன.

ரிக்கார்டோ வந்தது ரெட்புல்லின் சின்ன அணியான டோரோ ரோஸோவிலிருந்து. அந்தச் சொகுசு அவருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. மறக்க வேண்டியதும் அதிகமில்லை. வேகத்தில் வெட்டல் குறைந்தவர் என்று நான் சொல்லமாட்டேன், மாறிக்கொள்ளத்தான் திணறினார். அந்த ஆண்டு ஹங்கேரி பந்தயத்தைப் பாருங்கள்: கடைசிச் சுற்றுகளில் மற்ற அணிகளின் ஹாமில்டனையும் அலோன்சோவையும் அடுத்தடுத்து முந்தி ரிக்கார்டோ ஜெயித்தார், வெட்டல் நடுவில் கார் சுழன்று, ஏழாவதாக வந்தார்.