தோற்ற வழியையும் காட்டும் எஃப்ஆர்ஆர்

நெட்வொர்க்கில் தகவல் எந்த வழியாகப் போகவேண்டும் என்று முடிவெடுக்கும் ரவுட்டிங்கைக் கையால் செய்து பார்த்துப் படிக்க ஆசைப்பட்டு, எஃப்ஆர்ஆர் என்ற இலவச மென்பொருளை மூன்று விர்ச்சுவல் மெஷின்களில் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் போலிக் கம்ப்யூட்டர்களில்) ஏற்றி, அவற்றை ரவுட்டர்களாக்கி முக்கோணமாக இணைத்தேன். ஆறு மாதமாக அதோடுதான் மல்லுக்கட்டு.

இதில் ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறைகளான ரிப், ஓஎஸ்பிஎஃப், பிஜிபி எல்லாம் தனித்தனி ப்ராசஸ். அவை கற்றுவரும் வழிகளை ஸீப்ரா என்ற இன்னொரு ப்ராசஸ் வாங்கி, ஜெயித்ததை மட்டும் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் எழுதுகிறது. (ஸீப்ரா என்ற பழைய மென்பொருளிலிருந்து குவாகா, அதிலிருந்து இது. குவாகா என்பது அழிந்துபோன ஒரு வரிக்குதிரை. பெயர் வைத்தவர் குறும்புக்காரர்தான்.)

எனக்குப் பிடித்தது ‘ஷோ ஐபி ரூட்’ கட்டளை. ஜெயித்த வழிக்கு ‘>’ குறி போட்டு, தோற்றவற்றையும் கூடவே காட்டும். நேரடி இணைப்புக்கு ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் (அதில் போவதற்கான செலவுக் கணக்கு) 100, மற்ற இரண்டுக்கும் 10 என்று வைத்தேன். மூன்றாவது ரவுட்டருக்குப் பின்னாலுள்ள நெட்வொர்க்குக்கு ஓஎஸ்பிஎஃப் சுற்றிப் போகும் வழியை எடுத்தது. ஹாப், அதாவது எத்தனை ரவுட்டர் தாண்டவேண்டும் என்பதை மட்டுமே எண்ணத் தெரிந்த ரிப், நேர்வழியைப் பிடித்துக்கொண்டது. பட்டியலில் ஓஎஸ்பிஎஃப் வழிக்கு 110/30 (இரண்டு இணைப்புக்கும் 10, 10, கடைசி நெட்வொர்க்குக்கு இன்னொரு 10), ரிப் வழிக்கு 120/2. முதல் எண் யாரை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு, சிறியதே ஜெயிக்கும். இரண்டாவது அந்தந்த முறையின் தூரக் கணக்கு. ஓஎஸ்பிஎஃப்பை நிறுத்தியதும் ‘>’ குறி ரிப் வரிக்குத் தாவியதைப் பார்த்து நான் சிரித்தே விட்டேன்.

ஒருநாள் மூன்றாவது ரவுட்டருக்குப் பின்னாலிருந்த நெட்வொர்க்குக்கு பிங் (எட்டுகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) போகவில்லை. ஓஎஸ்பிஎஃப் நெய்பர்கள் (பக்கத்து ரவுட்டர்கள்) எல்லோரும் ஒழுங்காக ‘ஃபுல்’ நிலையில், அதாவது தகவலை முழுதாகப் பரிமாறிக்கொண்டு. ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டபின் பட்டியலைப் பார்த்தால், சரியான ஓஎஸ்பிஎஃப் வழி ‘>’ இல்லாமல் ஓரமாக நிற்கிறது. மேலே, போன வாரம் சோதனைக்கு நானே போட்டு மறந்த ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதும் நிலையான வழி). அதன் எண் 1. அதற்கு முன் யார் நிற்க முடியும்?

சிரமங்களும் உண்டு. ‘டீமன்ஸ்’ ஃபைலில் தேவையான ப்ராசஸுக்கு ‘யெஸ்’ போடாவிட்டால் அது கிளம்பவே கிளம்பாது. இன்டர்ஃபேஸ் டவுன் ஆகாமல் எதிர்முனை மட்டும் செத்தால், ஓஎஸ்பிஎஃப் 40 வினாடி வரை காத்திருக்கும். எதிர்முனை உயிரோடிருக்கிறதா என்று அடிக்கடி சோதிக்கும் பிஎஃப்டியைச் சேர்த்தபின் ஒரு வினாடிக்குள் கண்டுபிடித்தது. பிஜிபிக்கு வருபவர்களுக்கு ஒன்று: வெளி ஏஎஸ் (வேறொரு நிர்வாகத்தின் நெட்வொர்க்) நெய்பரோடு செஷன் எழும்பியும் ஒரு ரூட்கூட வராமல், சம்மரியில் ‘பாலிசி’ என்று மட்டும் நின்றால் பதறாதீர்கள். எதை ஏற்கலாம், எதை அனுப்பலாம் என்று சொல்லும் ரூட்-மேப் போன்ற வடிகட்டி விதியை எழுதாமல் எதையும் வாங்கவோ கொடுக்கவோ கூடாது என்பது அதன் வழக்கமான அமைப்பு. வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் எழுதிவிட்டால் வந்துவிடும்.